பத்திரம் பாவு, கரிக்கோடு ஊடை: பழைய காகிதத்தை நெய்யும் கலைக்கு ஓர் அறிமுகம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு காகிதக் கூடை ரொம்ப நாள் கிடந்தது. பழைய நோட்டு, பரீட்சைத் தாள், தேதி போன கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ரெண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கூடவே வெந்தயமும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, அந்தக் கூழைக் கவிழ்த்து வைத்த பானையின் முதுகில் அப்பிக் காயவைத்து உரித்தெடுத்தால் கூடை. வற்றல் வடகம் போட்டு வைக்கத் தோதாக இருக்கும். பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் யார் எழுதிய கடிதம் போயிற்று, எந்த வருஷத்துக் கணக்கு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. அரைபட்ட பிறகு எல்லாமே ஒரே சாம்பல் நிறம்.

காகிதத்தை அரைக்காமல், கீறி நெய்தால் என்ன ஆகும்? எழுத்து சிதறும், ஆனால் அழியாது. அங்கே ஒரு 'மகள்', இங்கே ஒரு தேதி, நடுவில் பாதி முத்திரை என்று துண்டு துண்டாக மேலே வந்து வந்து மறையும். படிக்க முயன்றால் வாக்கியம் கிடைக்காது. ஆனால் அது எழுதப்பட்ட காகிதம்தான் என்பதை ஒரு நொடிகூட மறக்கவும் முடியாது. பழைய ஆவணங்களை வைத்து, குறிப்பாகப் பெண்களின் நினைவைப் பற்றி வேலை செய்யும் இன்றைய கலைஞர்கள் சிலர் பிடித்துக்கொண்டது இந்த இடைநிலையைத்தான். முழுக்கப் படிக்கவும் முடியாது, முழுக்கத் தொலைக்கவும் முடியாது என்கிற நிலை. நம் நினைவும் ஏறக்குறைய அப்படித்தானே வேலை செய்கிறது.

ஓவியக் கண்காட்சிப் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்ல முயல்கிறேன். தறியில் நீளவாக்கில் முதலிலேயே கட்டிவிடும் இழை பாவு. குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று ஓடுவது ஊடை. பாய் பின்னுவதிலும் கூடை முடைவதிலும் அடிப்படை இதுதான். ஆவணத்தை நெய்த ஒரு படைப்பின் முன்னால் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் போதும்: இதில் பாவு எது, ஊடை எது? அதாவது எந்தக் காகிதத்துக்குள் எந்தக் காகிதம் போயிருக்கிறது? கலைஞர் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்த ஜோடி சேர்த்ததில்தான் இருக்கும். மற்றதெல்லாம் கைவேலை. கைவேலையும் சின்ன விஷயமில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இது புதுசாக யாரோ கண்காட்சிக்காகக் கண்டுபிடித்தது இல்லை. ஜப்பானில் காகிதத் துணிக்கு ஷிஃபு என்று பெயர். வடக்குப் பக்கம் குளிர் அதிகம், பருத்தி விளையாது, வாங்கவும் கட்டுப்படியாகாது. ஆனால் காகிதம் இருந்தது. கடைக்காரர்கள் வரவு செலவு எழுதித் தீர்த்த தடித்தடிக் கணக்குப் புத்தகங்கள். தைஃபுகுச்சோ என்பார்கள், நம் ஊர் பேரேடு மாதிரி. எழுதி முடிந்த பேரேட்டை விவசாய வீடுகளில் நூலாக்கினார்கள். வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் நூற்பதும் நெய்வதும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது.

நம் ஏ4 தாளில் இதைச் செய்து பாருங்கள், ரெண்டாவது முறுக்கிலேயே அறுந்துவிடும். ஜப்பானியக் கைக்காகிதம் கோஸோ என்கிற காகித மல்பெரிச் செடியின் பட்டையிலிருந்து வருவது. அதன் நார் நீளமானது, மரக்கூழ்க் காகிதத்தின் நாரைப் போலப் பல மடங்கு. அதனால் நனைந்தாலும் முறுக்கினாலும் தாங்கும். எழுதிய மையும் புகைக்கரியால் செய்தது, தண்ணீர் பட்டால் கரையாது. இந்த ரெண்டும் இல்லையென்றால் பேரேட்டு ஷிஃபுவே இல்லை.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அது. தாளை மடித்து, சில மில்லிமீட்டர் அகலத்தில் கோடு கோடாக வெட்டுவார்கள். ஆனால் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒரு விரல் அளவு வெட்டாமல் விட்டுவிடுவார்கள். விரித்தால் அழிக்கம்பி போட்ட ஜன்னல் மாதிரி இருக்கும். அதை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்கி, சொரசொரப்பான கல்லின் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார்கள், சப்பாத்திக்கு மாவு திரட்டுகிற மாதிரி மெதுவாக. தட்டையாக இருந்த கீற்றுகள் உருண்டு திரளும். அப்புறம்தான் சாமர்த்தியம்: வெட்டாமல் விட்ட ஓரத்தை மேலே ஓரிடத்தில், கீழே அடுத்த இடத்தில் என்று மாற்றி மாற்றிக் கிழித்தால், முழுத்தாளும் வளைந்து வளைந்து ஓடும் ஒரே நீள இழையாகிவிடும். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. ஓரம் திரும்பிய இடங்களில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்பு. அதை விரலால் நீவி முறுக்கி, ராட்டையில் ஏற்றி நூற்றால் நூல்.

அந்த நூலைப் பருத்திப் பாவிலோ பட்டுப் பாவிலோ சணல் பாவிலோ ஊடையாக ஓட்டுவார்கள். பாவும் ஊடையும் ரெண்டுமே காகிதமாக நெய்வதும் உண்டு. நெய்து முடித்த துணியில் எழுத்தே தெரியாது. வெளிர் நிறத் துணியில் அங்கங்கே கறுப்பும் சாம்பலுமாகப் பொடிப்பொடியாகத் தூவின மாதிரி புள்ளிகள். உற்றுப் பார்க்காவிட்டால் ஏதோ சாயம் என்று நினைப்போம். உண்மையில் ஒவ்வொரு புள்ளியும் யாரோ யாருக்கோ தர வேண்டிய பாக்கி. ஊர்க்காரர்கள் கடன் சொல்லி வாங்கின அரிசியும் எண்ணெயும் ஒரு பெண்ணின் முதுகில் சட்டையாக ஏறி வயலுக்குப் போயிருக்கிறது.

மியாகி மாகாணத்தில் ஷிரோஇஷி என்ற ஊரில் இதையே மிக மெல்லிசாக நெய்து உயர்குடிக்காரர்கள் உடுத்தும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். மில் துணி வந்தவுடன் மங்கிப்போய், 20ஆம் நூற்றாண்டில் சிலர் விடாப்பிடியாக மீட்டெடுத்தார்கள். அந்த உயர்தரத் துணிக்குப் பேரேடு போடுவதில்லை, வெள்ளைக் காகிதம்தான். அழகாக இருக்கும், சந்தேகமில்லை. எனக்கென்னவோ பாக்கிப் புள்ளி போட்ட விவசாயித் துணிதான் மனசில் நிற்கிறது.

தமிழில் இதையெல்லாம் எழுதும்போது ஒரு வசதி இருக்கிறது. நமக்கு நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். பனுவலும் அப்படியே. இது தற்செயல் இல்லை என்பதை நன்னூல் பாயிரத்திலேயே ஒரு வெண்பா விளக்கிவிடுகிறது: சொல்தான் பஞ்சு, பனுவல் இழை, வாய் கை, மதி கதிர், அதாவது நூற்கும் கதிர். இதில் நூற்கிற ஆள் யார்? 'செஞ்சொற் புலவனே சேயிழையா'. சேயிழை என்றால் பெண். புலவனுக்கு உவமை தேடிய இலக்கணக்காரர் ராட்டை முன்னால் உட்கார்ந்த பெண்ணைத்தான் பார்த்திருக்கிறார். நற்றிணையில் 'ஆளில் பெண்டிர்' நூற்ற நுண்ணிய பனுவல் வருகிறது. துணைக்கு ஆணில்லாத பெண்கள், வயிற்றுப்பாட்டுக்கு நூற்றவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, நூல் மட்டும் உவமையாக மிஞ்சியிருக்கிறது. பெண் செய்த இழை உவமைக்குள் வந்துவிடும், பெண் தன் பெயரோடு வரமாட்டாள். இந்தக் கலையின் பேச்சே அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

சரி, இன்றைய கலைக்கு வருவோம். ஷான் கோஷோர்ன் என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் கலைஞர். கிழக்குச் செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர், 1957இல் பிறந்து 2018இல் இறந்தார், ஓக்லஹோமாவில் டல்சா நகரத்தில் வாழ்ந்தவர். வெகுகாலம் புகைப்படமும் ஓவியமுமாக இருந்துவிட்டு, பிற்பாடுதான் கூடை முடைய வந்தார். செரோக்கிக் கூடை நாணல் மூங்கில் போன்ற ஒரு செடியின் பட்டையில் முடைவது, பெண்களின் கைத்தொழில். கோஷோர்ன் அந்தப் பட்டைக்குப் பதிலாகக் காகிதக் கீற்றைப் போட்டார். அரசு ஒப்பந்தங்கள், பழைய புகைப்படங்கள், உரைகள், பட்டியல்கள் இவற்றைத் தடித்த வாட்டர்கலர் தாளில் அச்சடித்து, கீறி, பாரம்பரியக் கோலங்களிலேயே முடைந்தார். அச்சடித்து என்பதைக் கவனியுங்கள், அசல் ஆவணத்தை அவர் வெட்டவில்லை.

அவர் செய்த கூடைகளில் ஒன்று கார்லைல் பள்ளியைப் பற்றியது. பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை நடந்த உறைவிடப் பள்ளி. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசத் தடை போட்ட இடம். 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். அதைத் தொடங்கின ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட், 1892இல் ஓர் உரையில், ஒருவனுக்குள் இருக்கும் இந்தியனை, அதாவது பூர்வகுடியை, கொன்று மனிதனைக் காப்பாற்று என்ற பொருளில் பேசினார். கோஷோர்ன் அந்த உரையைக் கீற்றாக்கினார். அங்கே படித்த பிள்ளைகளின் பெயர்களையும் கீற்றாக்கினார். ரெண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செலுத்தி மூடியோடு ஒரு கூடை, வெளிப்பக்கம் பள்ளி மாணவர்களின் பழைய குழுப் படம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பாவு எது ஊடை எது என்று. கொல்லச் சொன்ன வாக்கியமும் கொல்லச் சொல்லப்பட்ட பெயர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் அந்தக் கூடை நிற்கிறது. ஒன்றை உருவினால் இன்னொன்றும் அவிழும். இதை ஒரு சுவரொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தால் படித்துவிட்டு 'அடப்பாவி' என்று நகர்ந்திருப்போம். கூடையில் அப்படி நகர முடிவதில்லை, கழுத்தைச் சாய்த்து, சுற்றி வந்து, ஒரு பெயர் முழுசாகக் கிடைக்கிறதா என்று தேட வைக்கிறது. அவர் பழகிய இரட்டை முடைச்சல் இன்னும் கடினம்: உள்ளே ஒரு கூடை, வெளியே ஒரு கூடை, ரெண்டும் விளிம்பில் சேர்ந்து ஒரே தொடர்ச்சியாக. வெளியே ஒரு ஆவணம், உள்ளே வேறொன்று என்று வைக்க அதில் வழி இருக்கிறது.

இதில் பெண்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்டால், கூடை முடைந்த கையில் மட்டும் இல்லை. செரோக்கிகளிடம் குலம் தாய்வழி. வீடும் விளைநிலமும் பெண்கள் பொறுப்பு. ஆனால் அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டதெல்லாம் ஆண்களோடு. நிலத்தை இனியும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று 1817இல் செரோக்கிப் பெண்கள் தங்கள் தலைவர்களுக்கே மனு எழுதினார்கள். வயதான நான்சி வார்டு அதில் முன்னால் நின்றவர். அப்புறம் 1835இல் ஒரு சிறு குழு, இனத்தின் அனுமதி இல்லாமலேயே, நிலத்தை விட்டுக்கொடுக்கும் நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. 1838இல் தொடங்கிய கட்டாய வெளியேற்றத்தில் ஏறக்குறைய 4,000 பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒப்பந்தத்தையும் கோஷோர்ன் கூடையாக்கியிருக்கிறார். பெண்களைக் கேட்காமல் எழுதின காகிதம், பெண்களின் தொழில்நுட்பத்துக்குள் அடங்கி, ஒரு பாத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

நெய்யாமலே இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. அச்சுப்படக் கலைஞர் ஜரீனா ஹஷ்மி 1937இல் அலிகரில் பிறந்தவர், 2020இல் லண்டனில் இறந்தார். அவருடைய அக்கா ராணி கராச்சியில் இருந்தார். அக்கா உருதுவில் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் பின்னாளில் ஜரீனாவின் கைக்கு வந்தன: பெற்றோர் இறந்தது, வீட்டை விற்றது, பிள்ளைகள் கிளம்பிப் போனது. அந்த உருது வரிகளின் மேல் வீட்டு வரைபடத்தையும் ஊர் வரைபடத்தையும் அச்சாக இறக்கி, 2004இல் 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்ற அச்சுப்படத் தொகுப்பைச் செய்தார். தாள் எது என்கிறீர்கள்? அதே கோஸோதான். இங்கே பாவும் ஊடையும் இல்லை, மேலடுக்கும் கீழடுக்கும்தான். ஆனால் கேள்வி மாறவில்லை, எதன் மேல் எது?

இனி வீட்டுக்கதை. எங்கள் பாட்டியின் பெயரில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. அவளுக்குப் பிறந்த வீட்டில் மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்தை விற்றது. இன்னார் மகளும் இன்னார் மனைவியுமாகிய இன்னார், குடும்பச் செலவை முன்னிட்டு, யாதொரு வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறி, எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம். பத்திர எழுத்தரின் நடை, எல்லாப் பத்திரத்திலும் அதே நடை. ரெண்டு பக்கத்தில் பாட்டியுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரே ஒரு கைநாட்டு. அது யாருக்காக விற்றது, விற்ற அன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்பதெல்லாம் 'குடும்பச் செலவு' என்கிற ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆவணத்தில் பொய் ஒன்றும் இல்லை. இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நெய்து பார்க்கலாம் என்று தோன்றியபோது பாவு முடிவாகிவிட்டது, பத்திரத்தின் ஜெராக்ஸ். ஊடைக்குத்தான் திண்டாட்டம். பாட்டி எழுதின ஒரு வரிகூட எங்களிடம் கிடையாது, அவளுக்கு எழுதத் தெரியாது. அம்மாவின் மளிகை நோட்டைப் போடலாமா என்று பார்த்தேன், அது அம்மாவின் கதை. கடைசியில் நினைவுக்கு வந்தது அடுப்படிச் சுவர். பால் வந்தால் கரியால் ஒரு கோடு. வராத நாளில் கோடு இல்லை. மாசக் கடைசியில் எண்ணிக் காசு. அதுதான் அவள் எழுத்து, வெள்ளையடிக்கும்போதெல்லாம் போய்விடும். நான் அடுப்புக்கரியை எடுத்து வேறு தாளில் கோடு போட்டுக் கீறிக்கொண்டேன். இது கொஞ்சம் கள்ளக் கையெழுத்து மாதிரிதான், அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. ஆனால் அசல் இல்லாத இடத்தில் என்ன வைப்பது என்பது இந்தக் கலையில் எல்லோருக்கும் வரும் கேள்வி.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் சில விஷயம். அசலைத் தொடாதீர்கள். பத்திரம் என்றில்லை, கடிதமானாலும் சரி, ஸ்கேன் எடுத்துவிட்டு அசலைப் பத்திரமாக வையுங்கள். வெட்டின பிறகு ஒட்டவைக்க முடியாது, அதோடு அது உங்கள் ஒருவருடைய சொத்தும் இல்லை, அத்தை சித்தப்பாக்களுக்கும் அதில் பங்கு உண்டு. இங்க்ஜெட் அச்சு ஈரக்கை பட்டாலே இழுகும், ஜெராக்ஸ் அச்சு இழுகாது. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் தொளதொளவென்று இருக்கும், கொஞ்சம் தடித்ததாகக் கேளுங்கள். பாவுத் தாளில் மேல் ஓரம் ஒரு அங்குலம் வெட்டாமல் விட்டு, மீதியை ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டரால் கீறுங்கள். ஷிஃபுவில் ஓரம் விடுகிறார்களே, அதே யோசனைதான். ஊடைக் கீற்றை ஒன்று விட்டு ஒன்று நுழைத்து, ஒவ்வொரு தடவையும் ஸ்கேலின் விளிம்பால் மேல்நோக்கி நெருக்கித் தள்ள வேண்டும். பசை நாலு ஓரத்தில் மட்டும். மைதாப் பசை காய்ச்சினால் துளி மயில்துத்தம் போடுவது புத்தகம் கட்டுகிறவர்கள் வழக்கம், இல்லையென்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. துத்தம் விஷம், பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள்.

கீற்றின் அகலத்தில்தான் நான் ஏமாந்தேன். முதலில் ரெண்டு மில்லிமீட்டரில் கீறினேன், ஷிஃபு நினைப்பில். நெய்து முடித்தால் பத்திரமே காணோம், வெறும் மூட்டமான சாம்பல், அந்த வெந்தயக் கூடையேதான். அடுத்து ஒரு அங்குல அகலம், இப்போது பத்திரம் அப்படியே படிக்கக் கிடைத்தது, கரிக்கோடு சும்மா அலங்காரம். ஆறு மில்லிமீட்டரில்தான் சரியாக வந்தது. 'மனைவியுமா' வரைக்கும் தெரிந்து அதோடு அறுந்தது, கைநாட்டு நாலைந்து கட்டங்களாக உடைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ரேகை கொஞ்சம் கொஞ்சம். எத்தனை மில்லிமீட்டர் என்பது, பார்க்கிறவரை எவ்வளவு படிக்க விடுகிறோம் என்கிற முடிவு. அது புரிய எனக்கு மூன்று ஜெராக்ஸ் ஆனது.

இன்னொன்றும் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நெருக்கி நெய்தால் ரெண்டு தாளிலும் சரிபாதிதான் மேலே வரும். மறைந்த பாதி எங்கே என்று திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெற்றுத்தாளின் வெள்ளை. மறைந்த எழுத்து அங்கேயும் இல்லை, தாளுக்கும் தாளுக்கும் நடுவில் முகம் அமுங்கிக் கிடக்கிறது. உருவினால் ஒழிய யாருக்கும் தெரியாது.

முடித்ததை அம்மாவிடம் காட்டினேன். பத்திரம், நிலம், கைநாட்டு என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரிசையில் இருந்த கரிக்கோட்டை மட்டும் விரல் வைத்து எண்ணினாள். நான் போட்டது பதினாலு, மேலே தெரிந்தது ஏழு.

"பால்காரன் பாதிதான் ஊத்தியிருக்கான் போல" என்றாள்.